மிதக்கும் லூரை நம் நீர்த்தேக்கத்து மீனுக்குத் தோதாக மாற்றுவது எப்படி?

கடையில் அட்டையோடு தொங்கும் பாப்பர், பென்சில் போன்ற மிதக்கும் லூர்களில், அதாவது மீனை ஏமாற்றும் செயற்கை இரைகளில், பெரும்பாலானவை அமெரிக்காவிலும் ஜப்பானிலும் கிடைக்கும் லார்ஜ்மவுத் பாஸ் மீனை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களில் அந்த லூரைத் தேடி வருவது வேறு ஆள். நம் பீக்காக் பாஸ் தென் அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே குடியேறிவிட்ட சிக்லிட் குடும்பத்து மீன்; திலாப்பியாவுக்குத்தான் அது சொந்தம். நிதானமாக வந்து லூரை உறிஞ்சி எடுக்கும் பொறுமை அதற்கு இல்லை. வேகமாக வந்து மோதும், மோதிய வேகத்திலேயே திரும்பி ஓடும். அதே நீரில் தோமானும் இருக்கிறது. விரால் குடும்பத்தின் பெரிய உருப்படிகளில் ஒன்று, ஒரு மீட்டரைத் தாண்டியும் வளரக்கூடியது. தாடை கெட்டி, பல் கூர்மை.

ஆக, மெல்லிய முள்ளோடு வரும் ஒரு லூரை அப்படியே வீசினால் மீன் அடிக்கும். ஆனால் கைக்கு வராது. முள் நிமிர்ந்துவிடும், இல்லையென்றால் முள்ளை லூரோடு இணைக்கும் வளையம் விரிந்துவிடும். லூரை மாற்றி அமைப்பது ஏதோ கைதேர்ந்தவர்களின் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். புதிதாகத் தூண்டில் பிடிப்பவருக்குத்தான் இது அதிகம் தேவை. பத்து லூர் வாங்குவதைவிட, இரண்டை வாங்கி நம் மீனுக்கு ஏற்றபடி சரிசெய்துகொள்வது மேல் என்பது என் கட்சி.

அதற்கு முன் ஒரு விஷயம். பொதுப் பயனீட்டுக் கழகத்தின் நீர்த்தேக்கங்களில் தூண்டில் போட அனுமதித்த இடங்கள் தனியாக இருக்கின்றன. அங்கே செயற்கை இரை மட்டும்தான் பயன்படுத்தலாம். புழு, இறால், ரொட்டி எதுவும் கூடாது. லோவர் சிலேத்தார், பிடோக், மெக்ரிட்சி, கிராஞ்சி போன்றவற்றில் அனுமதித்த பகுதிகள் உண்டு. அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டு நில்லுங்கள். இந்த விதியாலும்தான் இங்கே லூர் கலை இவ்வளவு வளர்ந்திருக்கிறது.

எதை வாங்குவது, எதை வாங்கக் கூடாது

முதலில் லூரின் உடல். முள்ளை மாற்றலாம், எடையை மாற்றலாம், நிறத்தை மாற்றலாம். உடல் பலவீனமாக இருந்தால் அதை மாற்ற முடியாது. பிளாஸ்டிக் லூர்கள் பெரும்பாலும் இரண்டு பாதிகளை ஒட்டிச் செய்யப்படுபவை. சிலவற்றில் மூக்கிலிருந்து வால் வரை ஒரே கம்பி உள்ளே ஓடும். பெரிய மீன் இழுத்து உடல் உடைந்தாலும் முள் கம்பியோடு நிற்கும். மற்றவற்றில் முள் மாட்டும் கண்ணி ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிளாஸ்டிக்கில் பதிந்திருக்கும். பீக்காக் பாஸுக்கு இது போதும். தோமான் வேண்டுமென்றால் முழுக் கம்பி ஓடும் லூரைக் கேட்டு வாங்குங்கள். மர லூரில் கண்ணியைத் திருகி ஏற்றியிருந்தால் அதைக் கையால் மெல்லத் திருப்பிப் பாருங்கள். சுழன்றால் வேண்டாம்.

அளவு 7 முதல் 10 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். முதல் இரண்டு லூர்களில் ஒன்று பாப்பர், இன்னொன்று பென்சில். வாய் குழிந்து, இழுத்தால் நீரைத் துப்புவது பாப்பர். வாயே இல்லாமல் சுருட்டு வடிவத்தில், தூண்டில் கோலைச் சின்னச் சின்னதாகச் சுண்டும்போது இடமும் வலமும் தலையை ஆட்டிக்கொண்டு வருவது பென்சில்.

கருவிகளில் தவிர்க்க முடியாதது ஒன்றே ஒன்று: ஸ்பிளிட் ரிங் பிளையர். அதன் ஒரு முனையில் சின்னப் பல் இருக்கும். அது வளையத்தின் சுற்றைப் பிரித்துக் கொடுக்கும். நகத்தால் பிரிக்கலாம் என்று இறங்கினால் நகம்தான் போகும். மற்றவை வீட்டிலேயே இருக்கும், இல்லாவிட்டால் வட்டாரக் கடையில் கிடைக்கும்: உப்புத்தாள், சூப்பர் குளூ, இரண்டு குழாயில் வரும் எபாக்சி பசை, தையல் நூல், நகப்பூச்சு, கறுப்பு மார்க்கர், ஒரு வாளி. 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு இருந்தால் வேலை பாதியாகக் குறையும்.

வாளிச் சோதனை

எதையும் கழற்றுவதற்கு முன் குளியலறை வாளியை நிரப்பி லூரை அதில் போடுங்கள். அது எப்படி மிதக்கிறது என்று பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். படுக்கையாக இருக்கிறதா, வால் தொங்குகிறதா, நீர்மட்டம் உடலில் எங்கே நிற்கிறது? அந்தக் கோட்டில் மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள், ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் செய்யப்போகும் ஒவ்வொரு மாற்றமும் அந்தப் புள்ளியை மேலேயோ கீழேயோ நகர்த்தும். குழாய்த் தண்ணீரும் நன்னீர், நீர்த்தேக்கத்துத் தண்ணீரும் நன்னீர் என்பதால் வாளியில் பார்ப்பதைத்தான் அங்கேயும் பார்ப்பீர்கள். கடலில் இதே லூர் கொஞ்சம் உயர்ந்து மிதக்கும். உப்புநீரின் அடர்த்தி கூடுதல்.

ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் மட்டும். முள்ளையும் மாற்றி, ஈயமும் ஒட்டி, இறகும் கட்டிவிட்டு ஏன் லூர் நடக்கவில்லை என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

முள்: முதல் வேலை, முக்கால்வாசி வேலை

வேறு எதையும் செய்ய நேரமில்லை என்றால் இதை மட்டும் செய்யுங்கள். லூரில் வரும் மும்முனை முள்ளைத்தான் ட்ரெபிள் என்கிறோம். எண் ஏற ஏற முள் சிறியது: 6 சின்னது, 4 அதைவிடப் பெரியது, 2 இன்னும் பெரியது. எண் ஒன்றாக இருந்தாலும் கம்பியின் தடிமன் மாறும். பாக்கெட்டில் 2எக்ஸ், 3எக்ஸ் என்று போட்டிருந்தால் வழக்கத்தைவிடத் தடித்த கம்பி என்று பொருள். நமக்கு வேண்டியது அதே அளவில் தடித்த கம்பி. அளவைப் பெரிதாக்குவது பிறகு.

படிப்படியாகப் பார்ப்போம். பழைய முள்ளைக் கழற்றி எடை போடுங்கள். புதிய முள்ளையும் போடுங்கள். அரை கிராம் வித்தியாசம்கூடச் சின்ன லூரின் நடையை மாற்றிவிடும். வித்தியாசம் குறைவென்றால் அப்படியே மாட்டுங்கள். கூடுதலாக இருந்தால் வயிற்று முள்ளில் ஒரு அளவு குறைத்து, வால் முள்ளை மட்டும் அதே அளவில் வையுங்கள். எடை வாலுக்குப் போவதில் லாபம் உண்டு. அதைக் கீழே சொல்கிறேன்.

வளையத்தையும் கூடவே மாற்றுங்கள். புது முள், பழைய வளையம் என்றால் அடுத்து விரிவது வளையம்தான். வளையத்தைப் பெரிதாக்க வேண்டாம். பெரிய வளையத்தில் முள் அதிகம் ஆடும், இரண்டு முட்களும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். மாட்டிய பிறகு இரண்டு முட்களையும் விரலால் ஒன்றை நோக்கி ஒன்று இழுத்துப் பாருங்கள். முனைகள் தொட்டால் அளவு அதிகம்.

முனைக்குக் கீழே பின்னோக்கி நீட்டியிருக்கும் சின்னக் கூர்முனையைப் 'பார்ப்' என்பார்கள். அதைப் பிளையரால் நசுக்கிவிடுங்கள். நசுக்கியதும் அந்த இடத்தைப் பஞ்சில் இழுத்துப் பாருங்கள். இழை சிக்காமல் வந்தால் சரி. மீன் தப்பிவிடாதா என்று எல்லோரும் கேட்பார்கள். கயிற்றைத் தொய்யவிடாமல் இழுத்தால் அவ்வளவாகத் தப்பாது. மாறாக, பார்ப் இல்லாத முள் எளிதாக உள்ளே இறங்கும். இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. மும்முனை முள் இரண்டு, மொத்தம் ஆறு முனைகள். துள்ளுகிற மீன் ஒன்று, உங்கள் கை ஒன்று. பார்ப் இருக்கும் முள் விரலில் ஏறினால் அவசர சிகிச்சைப் பிரிவுதான். பார்ப் இல்லாவிட்டால் வந்த வழியே வெளியே எடுத்துவிடலாம். பிள்ளைகளோடு போகிறவர்கள் இதில் சமரசமே செய்யக் கூடாது.

இன்னும் ஒரு படி மேலே போக நினைப்பவர்கள் மும்முனை முள்ளுக்குப் பதிலாக ஒற்றை முள் மாட்டலாம். லூருக்கென்றே கண்ணி திரும்பி வரும் ஒற்றை முள் விற்கிறார்கள். வயிற்று முள்ளின் முனை தலைப்பக்கம் பார்க்கும்படியும், வால் முள்ளின் முனை மேலே பார்க்கும்படியும் மாட்டுங்கள். மீன் வாயிலிருந்து கழற்றுவது சுலபம், மீனுக்கும் காயம் குறைவு, புல்லில் சிக்குவதும் குறையும். ஆனால் எடை குறைவதால் லூர் உயர்ந்து மிதக்கும். வாளிக்குத் திரும்பிப் போங்கள்.

எடையும் அமர்வும்

மிதக்கும் லூரின் குணம் அது நீரில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. வால் தொங்கி, தலை மட்டும் நீருக்கு மேல் நிற்கும் லூர் தூரம் போகும், காற்றில் குறுக்காகப் புரளாது. நீரில் நின்ற இடத்திலேயே தலையை ஆட்டும், நின்ற இடத்திலேயே துப்பும். படுக்கையாக மிதக்கும் லூர் அகலமாக வழுக்கிக்கொண்டு போகும், வேகமாக இழுக்கலாம். எது நல்லது? மீன் கரையோரம் நிழலில், ஒரு தூணை ஒட்டி நிற்கிறது என்றால் முதல் வகை. நடுநீரில் சின்ன மீன்களைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது என்றால் இரண்டாவது. பீக்காக் பாஸ் பெரும்பாலும் துரத்துகிற மீன். ஆகவே என் ஓட்டு படுக்கைக்கு. கடையில் வரும் பாப்பர்களோ பலவும் வால் தொங்கியே வருகின்றன.

வாலை இன்னும் இறக்க வேண்டுமானால், பின்னால் பசையுள்ள ஈயத் தாளைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, வால் முள்ளின் தண்டில் சுற்றுங்கள், அல்லது வயிற்றின் பின்பகுதியில் ஒட்டுங்கள். கோல்ஃப் மட்டைக்கு ஒட்டும் ஈயப் பட்டையும் இதற்கு உதவும். ஒவ்வொரு துண்டுக்கும் வாளியில் ஒருமுறை. அமர்வு பிடித்துவிட்டால் துண்டின் மேல் தெளிவான நகப்பூச்சைத் தடவி மூடுங்கள். ஈயத்தைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சாப்பாட்டு மேசையில் வைத்து வெட்டாதீர்கள். படுக்கையாக்க வேண்டுமானால் எதிர்த்திசை: வால் முள்ளை லேசாக்குங்கள், அது போதவில்லை என்றால் வயிற்று முள்ளுக்கு முன்னால் ஒரு துண்டு ஒட்டுங்கள்.

உடலில் துளை போட்டு உள்ளே குண்டு இறக்குபவர்களும் இருக்கிறார்கள். புதியவர்களுக்கு இது வேண்டாம். அதை அடைக்கும் எபாக்சி ஒரு மயிரிழை விரிந்தாலும் லூர் தண்ணீர் குடித்து மெல்ல மெல்ல மூழ்கும்.

மூக்கு

இது இரண்டு நிமிட வேலை. பென்சில் லூரின் மூக்கில் இருக்கும் கண்ணியில் நேராக முடிச்சை இறுக்கினால் அதன் தலை கட்டுண்டுபோகும். மூக்கில் ஒரு சின்ன வளையம் சேருங்கள், அல்லது இறுகாத கண்ணி முடிச்சுப் போடுங்கள். தலையாட்டம் உடனே அகலமாவதைக் காண்பீர்கள்.

கயிற்றின் நுனிக்கும் லூருக்கும் நடுவே கட்டும் நரம்புத் துண்டுதான் லீடர். அதுவும் லூரின் பகுதி என்றே நினைத்துக்கொள்ளுங்கள். ஃபுளூரோகார்பன் என்ற நரம்பு வகை நீரில் மூழ்கும். அதைப் போட்டால் லூரின் மூக்கைக் கீழே இழுக்கும். மிதக்கும் லூருக்குச் சாதாரண நைலான் நரம்பு லீடர்தான் தோது. கண்ணாடி போல் தெரியாத நரம்புதான் வேண்டும் என்று கடையில் சொல்வார்கள். மேல்நீரில் தெறிப்பும் சத்தமுமாக வருகிற லூருக்கு அது அவ்வளவு முக்கியமில்லை. தோமான் இருக்கும் இடத்தில் தடித்த லீடர் போடுங்கள். அதன் பல்லுக்கு மெல்லிய நரம்பு தாங்காது.

இறகு கட்டுவது

எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். வால் முள்ளில் இறகு கட்டினால் இரண்டு பலன்கள். லூரை நிறுத்தும்போது இறகு விரிந்து, மூச்சு விடுவதுபோல் அசையும். இழுக்கும்போது நீரைப் பிடித்துக்கொண்டு லூரைச் சற்று நிறுத்தும். ஒரே இடத்தில் அதிக நேரம் ஆடவைக்கலாம். பின்னாலேயே வந்து, அடிக்காமல் முறைத்துக்கொண்டு நிற்கும் மீன் அந்த நேரத்தில்தான் மனம் மாறும்.

கடையில் இறகு கட்டிய முள்ளே விற்கிறார்கள், விலை கொஞ்சம் அதிகம். வட்டாரக் கடைகளில் பிரம்புக் கைப்பிடியோடு தொங்கும் கோழி இறகுத் துடைப்பான் ஒன்று வாங்கினால் பல காலத்துக்குக் காணும். சேவலின் கழுத்து இறகு மாதிரி நீண்டு, நுனி கூராக இருப்பதைப் பொறுக்குங்கள். மினுமினுப்புக்கு ஜிகினா. தீபாவளிக்கு முன்னால் லிட்டில் இந்தியாவில் தோரணமாகத் தொங்கும் ஜிகினாச் சரத்திலிருந்து நாலைந்து இழைகளைக் கத்தரித்துக்கொண்டால் போதும். வெள்ளி நிறம் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

கட்டும் முறை இது. முள்ளைத் தனியாகக் கழற்றி, ஒரு முனையைப் பிளையரில் கடிக்கக் கொடுத்து, பிளையர் கைப்பிடியில் ரப்பர் பட்டை சுற்றி இறுக்குங்கள். உங்களுக்கு மூன்றாவது கை கிடைத்துவிட்டது. கண்ணிக்குக் கீழேயிருந்து தண்டின் பாதிவரை நூலை நெருக்கமாகச் சுற்றுங்கள். இதுதான் அடித்தளம், இல்லாவிட்டால் இறகு தண்டைச் சுற்றி வழுக்கும். இறகின் அடியில் இருக்கும் பஞ்சு போன்ற பகுதியை உருவிப் போட்டுவிட்டு, முள்ளின் நீளத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மிகாமல் அளவெடுங்கள். மூன்று வளைவுகளுக்கு நடுவே இருக்கும் மூன்று இடைவெளிகளிலும் ஒவ்வோர் இறகாக வைத்து, ஒவ்வொன்றையும் நான்கைந்து சுற்றில் பிடியுங்கள். இறகின் வளைவு வெளிப்பக்கம் இருக்க வேண்டும். அப்போதுதான் நீரில் விரியும். ஜிகினா இழைகளை மேலே வைத்து இறுக்கமாகச் சுற்றி முடித்து, இரண்டு மூன்று சுருக்கு முடிச்சுப் போட்டு, நூலின் மேல் மட்டும் ஒரு சொட்டு சூப்பர் குளூ. சொட்டு இறகில் இறங்கினால் இறகு குச்சியாகிவிடும்.

அடர்த்தியாகக் கட்டத் தோன்றும். கட்டாதீர்கள். நனைந்த இறகு கனக்கும், வீசும்போது காற்றைப் பிடித்து லூரைப் பக்கவாட்டில் தள்ளும். நீளமாகக் கட்டினாலோ மீன் இறகின் நுனியைக் கடித்துவிட்டுப் போய்விடும்.

பாப்பரின் வாய்

உப்புத்தாளால் பாப்பரைத் தேய்ப்பதற்குப் பழைய வரலாறு உண்டு. டெக்சாஸைச் சேர்ந்த போட்டித் தூண்டில்காரர் செல் ரோலண்ட், ரெபெல் நிறுவனத்தின் பாப்-ஆர் என்ற சின்ன பாப்பரைத் தேய்த்து மாற்றிப் பயன்படுத்தியே அந்த லூரைப் புகழ்பெற வைத்தார். உடலை மெலிதாக்கி வாயின் விளிம்பைக் கூராக்கினால், கனத்த 'ப்ளோப்' போய், சின்ன மீன் நீரைச் சிதறவிட்டு ஓடுவது போன்ற துப்பல் வரும்.

நாம் உடலைத் தேய்க்க வேண்டியதில்லை; உள்ளே வெற்றிடம் உள்ள லூரில் சுவர் எவ்வளவு தடிமன் என்று வெளியிலிருந்து தெரியாது. விளிம்பு மட்டும் போதும். 400 எண் உப்புத்தாளை ஒரு பென்சிலில் சுற்றி, வாயின் உட்பக்கமிருந்து விளிம்பை நோக்கிச் சாய்வாகத் தேய்த்து, பிறகு 800ல் வழவழப்பாக்குங்கள். விரலால் தடவினால் கூர் தெரிய வேண்டும், வெட்டக் கூடாது. வேகமாக இழுக்கும்போது லூர் மூக்கை நீருக்குள் நுழைக்கிறதென்றால் கீழ் உதட்டை ஒரு மில்லிமீட்டர் குறையுங்கள். கீழ் உதடு முன்னே நீட்டியிருந்தால் நீரின் தள்ளுதல் லூரைக் கீழே அமுக்கும். மேல் உதடு நீட்டியிருந்தால் மேலே தூக்கும். சாயம் போன இடத்தில் நகப்பூச்சு தடவி மூடுங்கள்.

கனத்த சத்தம் வேண்டிய நாட்களும் உண்டு. பெருமழைக்குப் பிறகு தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வரும்போது தேய்க்காத பாப்பர்தான் வேலை செய்யும். அதனால் இரண்டு வாங்கி ஒன்றை மட்டும் தேய்ப்பது உத்தமம்.

காற்றாடி லூர்

மூக்கிலோ வாலிலோ உலோக இறக்கைகள் சுழலும் லூர்களை அமேசான் பக்கம் பீக்காக் பாஸுக்கு விரும்பி வீசுவார்கள். அங்கே மீனும் பெரிது, லூரும் பெரிது. இங்கே சின்ன அளவு போதும். செய்ய வேண்டிய சோதனை ஒன்று: இறக்கையை வாயால் ஊதுங்கள். மெல்லிய ஊதலுக்கே சுழல வேண்டும். சுழலாவிட்டால் இறக்கைகளைப் பிளையரால் ஒரே அளவுக்கு, துளித் துளியாகத் திருகுங்கள். திருகாணி மிக இறுக்கமாக இருந்தால் கால் சுற்றுத் தளர்த்துங்கள். இறக்கைக்கும் உடலுக்கும் நடுவே ஒரு சின்ன மணி கோத்தால் உரசல் குறையும். இரண்டு பக்கமும் காற்றாடி இருந்து கயிறு முறுக்கிக்கொள்கிறதென்றால், ஒன்றின் இறக்கைகளை எதிர்ப்பக்கம் திருகி இரண்டையும் எதிரெதிராகச் சுழலவிடுங்கள்.

ரப்பர் தவளை

தோமானுக்கும் விராலுக்கும் இதுதான். புல்லும் பாசியும் மண்டிய ஓரங்களில் வேறு எதையும் வீச முடியாது. தவளையின் இரட்டை முள் உடலோடு ஒட்டிப் படிந்திருக்கும். அதனால்தான் புல்லில் சிக்காது, அதனால்தான் பல நேரம் மீனிலும் ஏறாது. பிளையரால் இரண்டு முனைகளையும் வெளிப்பக்கமாகவும் சற்று மேலாகவும் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் விரியுங்கள். மீன் ஏறுவது கூடும். அதற்குமேல் விரித்தால் புல்லைப் பிடிக்கத் தொடங்கும். தடித்த கம்பியானால் ஒரேயடியாக மடக்காமல் சிறுகச் சிறுக மடக்குங்கள்.

கால் இழைகளைக் கத்தரிப்பது அடுத்தது. புதுத் தவளையின் கால்கள் பெரும்பாலும் தேவைக்கு மேல் நீளம். மூன்றில் ஒரு பங்கை வெட்டினால் இடமும் வலமும் திரும்பத் தொடங்கும். வெட்டியதை ஒட்ட முடியாது என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக. முள் தண்டு உடலுக்குள் நுழையும் இடத்தில் தண்ணீர் இறங்கும். அங்கே ஒரு சொட்டு சிலிகான் வைத்தால் குறையும், முழுக்க நிற்காது. வீசுவதற்கு முன் வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றிக்கொள்ளுங்கள். உள்ளே சிறிய நுரைத் துண்டு ஒன்றைத் திணித்துவிட்டால் மூழ்கவே மூழ்காது. ஆனால் மீன் கடிக்கும்போது உடல் அமுங்குவதும் குறையும், முள் ஏறாது. ஆகவே துண்டு விரல்நக அளவுக்கு மேல் வேண்டாம்.

சிவந்த குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து கொப்பளிப்பதைப் பார்த்தால் கீழே தாய் தகப்பன் தோமான் காவல் நிற்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள். அப்போது தவளையை வீசினால் அடிக்கும், அதில் திறமை எதுவும் இல்லை. நான் வீசுவதில்லை.

நிறமும் சத்தமும்

நிறத்தைப் பற்றி ஆளுக்கொரு வேதம் வைத்திருப்பார்கள். என் பார்வையில் மீன் பார்ப்பது லூரின் வயிற்றை மட்டும்தான்; முதுகில் தீட்டும் செதில் ஓவியம் நம் கண்ணுக்கு. வயிற்றில் வெள்ளை அல்லது ஆரஞ்சு நகப்பூச்சு, தொண்டையில் ஒரு சிவப்புக் கீற்று. விடியல் மங்கலிலும் மேகமூட்டத்திலும் வயிற்றைக் கறுப்பு மார்க்கரால் முழுக்கத் தீட்டிய லூர் வானத்துக்கு எதிரே தெளிவான நிழலாகத் தெரியும். பூச்சு ஒட்ட வேண்டுமானால் முதலில் அந்த இடத்தை நைசான உப்புத்தாளால் மங்கலாக்கித் துடைத்துவிடுங்கள். எச்சரிக்கை ஒன்று: தவறாகப் பூசியதை அழிக்க நகப்பூச்சு அகற்றும் திரவத்தை எடுக்காதீர்கள். அதில் இருக்கும் அசிட்டோன் லூரின் பிளாஸ்டிக்கையே கரைக்கும். சன்னலைத் திறந்து வைத்துப் பூசுங்கள், வீட்டில் திட்டு வாங்காமல் தப்பிக்கலாம்.

உள்ளே கலகலவென்று குண்டு உருளும் லூர்கள் சில இடங்களில் மீனைக் கூப்பிடும். நாள்தோறும் பத்துப் பேர் வந்து வீசிவிட்டுப் போகும் மேடையில் அந்தச் சத்தம் மீனுக்குப் பழகிப்போய்விடும். அங்கே சத்தமில்லாத லூரைத்தான் நான் முதலில் எடுப்பேன்.

நீர்த்தேக்கத்தில் முதல் நாள்

மாற்றிய லூரை மீன் பிடிக்கும் ஆசையோடு முதலில் வீச வேண்டாம். காலடியில், தெளிந்த நீரில், கோல் நீளத்துக்குக் கயிறு விட்டு இழுத்துப் பாருங்கள். நேராக வருகிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா, இறகு விரிகிறதா? சாய்ந்தால் முள் கண்ணியோ மூக்குக் கண்ணியோ வளைந்திருக்கும், பிளையரால் நிமிர்த்துங்கள். லோவர் சிலேத்தார் பூங்காவில் தூண்டில் போடவென்றே மேடை இருக்கிறது, இதற்கு வசதி. ஈசூன், காத்திப் பக்கம் இருப்பவர்களுக்கு அருகிலேயே.

இங்கே சூரியன் ஏறக்குறைய 7 மணிக்குத்தான் எழும். வெளுக்கத் தொடங்கியதிலிருந்து வெயில் ஏறும்வரை மேல்நீர் லூருக்கு நல்ல நேரம், மாலையில் வெயில் தாழ்ந்த பிறகு இன்னொரு முறை. பீக்காக் பாஸ் கண்ணால் வேட்டையாடும் மீன், இருட்டிய பின் அதற்காக நிற்பது வீண். நீர்நாய்க் கூட்டம் தலைகாட்டினால் அந்த ஓரத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள். மீன் ஏற்கெனவே நகர்ந்திருக்கும். மெக்ரிட்சியில் குரங்குகள் உண்டு, பையைத் திறந்து வைக்காதீர்கள். வானம் இருண்டு இடி கேட்டால் கோலைக் கீழே வைத்துவிட்டுக் கூரைக்கு அடியில் போங்கள். கார்பன் கோல் மின்சாரத்தைக் கடத்தும். வீசுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் பின்னால் பாருங்கள், நடப்பவர்களும் மெதுவோட்டக்காரர்களும் நீங்கள் நிற்பதைக் கவனிப்பதில்லை.

மீன் அடித்துத் தவறவிட்டால் நிறுத்தாதீர்கள். தொடர்ந்து ஆட்டிக்கொண்டே வாருங்கள். பீக்காக் பாஸ் இரண்டாவது முறை, மூன்றாவது முறைகூட வரும். எடை கையில் ஏறிய பிறகு கோலைத் தூக்குங்கள். தெறிப்பைப் பார்த்ததுமே தூக்கினால் லூர் உங்கள் முகத்துக்குத்தான் பறந்து வரும், முள் எல்லாம் இப்போது புதுக்கூர்.

வீட்டுக்கு வந்ததும் லூர்களைக் குழாயில் அலசி, இறகை விரலால் நீவி, முற்றிலும் காய்ந்த பிறகு பெட்டியில் வையுங்கள். ஈரத்தோடு மூடினால் ஒரே வாரத்தில் துரு. மென்ரப்பர்ப் புழுக்களையும் தவளைகளையும் இதே பெட்டியில் போடாதீர்கள். அவற்றிலிருக்கும் எண்ணெய்ப்பசை சாயத்தை இளக்கி இரண்டையும் ஒட்டவைத்துவிடும். கழற்றிய பழைய முட்களை வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டின் குப்பைக் குழாயில் அப்படியே போட வேண்டாம். பழைய மைலோ டப்பா ஒன்றில் சேர்த்து, நிறைந்ததும் மூடியை டேப் சுற்றி ஒட்டிப் போடுங்கள். வெட்டிய நரம்புத் துண்டுகளும் அதற்குள்ளேயே போகட்டும்.